கனிவுக் கூடத்தின் மாற்று ஆள்

சிலருக்குக் குரல் வாய்க்கும், சிலருக்குக் கைராசி வாய்க்கும். நோஞ்சானாருக்கு வாய்த்தது முகம். கன்னம் இரண்டும் உள்ளே போய், கண்கள் குழிக்குள் குடியேறி, கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்க, பிறந்ததிலிருந்தே நேற்றுதான் டைபாய்டிலிருந்து எழுந்தவர் போல இருப்பார். வேலை பார்த்த ஜவுளிக்கடையில் முதலாளி அவரை முன்பக்கம் நிற்கவிட்டதே இல்லை. ஆசையாகத் துணி எடுக்க வருகிறவர்கள் இந்த முகத்தைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய் எதிர்க்கடைக்கு நழுவுகிறார்கள் என்று கிடங்கிலேயே வைத்திருந்தார். நோஞ்சான் என்பது அண்ணன் சின்ன வயசில் வைத்த பெயர். இப்போது ஓய்வுபெற்ற மனிதராகிவிட்டதால் மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்துக்கொள்வோம்.

அந்த முகத்தைத் தேடி ஒரு வேலை வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவரை நடைபாதையில் ஓர் அம்மாள் மறித்தார். கழுத்தில் விசில், கையில் மேஜை மணி.

"ஐயா, கொஞ்ச நேரம் படுக்க முடியுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்களே. நல்லாத்தான் இருக்கேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எங்களுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்."

அவர்தான் பயிற்சியாளர் அம்மாள். அந்த ஆஸ்பத்திரியில் சாகக் கிடப்பவர்களுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு வார்டு உண்டு. அங்கே நர்சுகளிடம் கனிவு போதவில்லை என்று யாரோ புகார் கொடுத்ததால், மேல்தளத்தில் கனிவுப் பயிற்சிக் கூடம் திறந்திருந்தார்கள். நர்சுகள் கனிவைக் காட்டிப் பழக ஒரு நோயாளி வேண்டும். நிஜ நோயாளியை வைத்துப் பழகினால் அவர் பாட்டுக்குப் பாதியில் போய்விடுகிறார், பாடம் கெடுகிறது. அதனால் சாவது போல நடிக்க ஓர் ஆள். நடித்து முடித்ததும் எழுந்து, காபி குடித்துவிட்டு, அடுத்த குழுவுக்காக மறுபடி சாகவேண்டும்.

முதல் நாளே இயக்குநர் வந்து பேசினார். அவர் பேசினால் எதிரில் ஒருவர் இருந்தாலும் மேடையில் நிற்பது போலத்தான் பேசுவார்.

"கனிவு மனசுலேர்ந்து வரணும்னு சொல்வாங்க. நான் கேக்கறேன், மனசை நம்பி ஒரு ஆஸ்பத்திரி நடத்த முடியுமா? மனசு லீவு போடும். மனசு வீட்டுல சண்டை போட்டுட்டு வரும். அதனாலதான் நாங்க கனிவை மனசுலேர்ந்து எடுத்துட்டோம். இப்ப அது கையில இருக்கு. பழகினா யாருக்கும் வரும்."

பழகும் முறை இதுதான். நர்சு உள்ளே வருவார். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுப்பார். நோயாளியின் கையை, அழுத்தமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல், முற்றிய வெண்டைக்காயா என்று சோதிப்பது போலப் பிடிப்பார். பிறகு மூன்று வாக்கியங்கள். 'நான் உங்களோடு இருக்கிறேன்.' 'உங்களுக்கு வலிக்கிறதா?' 'நீங்கள் தனியாக இல்லை.' இரண்டாவதற்குப் பதில் எதிர்பார்க்கக் கூடாது. நோயாளி கண்ணை மட்டும் சிமிட்டுவார். அப்புறம் ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்ற வேண்டும், தலையணையைத் திருப்பிப் போட வேண்டும். நோயாளி கடைசி மூச்சை விடுவார். பயிற்சியாளர் அம்மாள் மணி அடிப்பார். மணி அடித்ததும் கையை விட்டுவிட வேண்டும். விடாதவர்களுக்கு மார்க் குறையும்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு எல்லாரும் பார்ப்பார்கள். நோஞ்சானாரை வாழ்நாளில் முதல் முறையாக நாலு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தொழிலில் இறங்கிவிட்டார். கோபமாகச் சாவார், சாந்தமாகச் சாவார், மகனை மன்னித்துச் சாவார், மன்னிக்காமலும் சாவார். மூச்சை ஒரு இழு இழுத்து, நிறுத்தி, எல்லாரும் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் இன்னொரு இழு இழுப்பார். அதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டல் கேட்கும். வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்தெல்லாம் அவர் சாவதைப் பார்க்க வந்தார்கள். தலைகால் புரியவில்லை அவருக்கு. வீட்டில் டிவியில் யாராவது செத்தால், "உதடு ஈரமா இருக்கு பாரு. விவரம் தெரியாத பயல்" என்று குறை சொல்லிச் சேனலை மாற்றுவார். துக்க வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் அழுவார்கள். இவர் இறந்தவரின் தாடையைப் பார்த்து மனசுக்குள் குறிப்பெடுப்பார்.

இப்படி நித்தம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு நிஜமாகவே அந்த நிலை வந்தது.

அண்ணன் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். நல்ல ஆகிருதி. என்ஜினைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்குவார். ஈரல் கெட்டுப்போய், இனி செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கொடுமை என்னவென்றால் முகமெல்லாம் வீங்கி, ஆள் முன்னைவிடச் செழிப்பாகத் தெரிந்தார். பார்க்க வந்தவர்கள் கட்டிலில் கிடந்தவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற நோஞ்சானாரிடம் "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

"வீட்டுலயே வச்சுப் பாத்துக்கறேன்" என்றார் அண்ணி.

நோஞ்சானார் விடவில்லை. "அண்ணி, உங்களுக்குத் தெரியாது. எங்க ஆஸ்பத்திரி மாதிரி கவனிப்பு உலகத்துலயே கிடையாது. பஞ்சு ஒத்தறது என்ன, தலையணை திருப்பறது என்ன! நான் அனுபவிச்சுச் சொல்றேன்."

அவர் பேச்சை நம்பி அண்ணனைக் கீழ்த்தள வார்டில் சேர்த்தார்கள்.

வார்டு நிறையக் கட்டில். நர்சு என்று பார்த்தால் ஒரே ஒருவர். பெரிய சிஸ்டர் என்பார்கள். ஆளும் பெரியவர், குரலும் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. அண்ணன் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். நோஞ்சானார் பெரிய சிஸ்டரிடம் போய் மற்ற நர்சுகள் எங்கே என்று கேட்டார்.

"எங்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? மேல உங்க கையைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காங்க!"

"அவங்க பாஸ் பண்ணிட்டுக் கீழ வருவாங்கல்ல?"

"பாஸ் பண்ணினவங்க எதுக்குக் கீழ வர்றாங்க? அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிக் குடுக்க அங்கேயே நிறுத்திக்குவாங்க. கனிவுல ஃபெயிலானாத்தான் வார்டு. நான் ஒவ்வொரு தடவையும் ஃபெயில். மணி அடிச்சாங்கன்னு கையை விட எனக்கு வரல. வழிய விடுங்க, அந்தக் கட்டில்ல வாந்தி."

நோஞ்சானார் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய சாவு அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் பயிற்சியை நீட்டிக்கொண்டே போகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் என்ன? கட்டிலருகே போய் நின்றவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணன் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நீ மூச்சை ரொம்ப வேகமா விடறே. கொஞ்சம் இடைவெளி குடு. அப்பத்தான் பாக்கறவங்களுக்குப் பதறும்."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "டேய் நோஞ்சான், சாகறது நான். உன் வேலைய மேல வச்சுக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் உலர்ந்த உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

அண்ணி பதறிப்போய் நனைத்த துணியோடு ஓடிவந்து, அவர் கையைப் பிடித்தார். வார்டு காவலாளி ஓட்டமாக வந்தார். "அம்மா, தொடாதீங்க. பேட்ஜ் இருக்கா?"

புது விதி. உறவுக்காரர்கள் கண்டபடி கையைப் பிடித்து, கண்டபடி அழுது, ஆஸ்பத்திரியின் கனிவுத் தரத்தைக் கெடுத்துவிடுகிறார்களாம். இனி உறவுக்காரர்களில் பயிற்சி முடித்து மஞ்சள் பேட்ஜ் குத்தியவர்கள்தான் நோயாளியைத் தொடலாம். மற்றவர்கள் கட்டிலைச் சுற்றித் தரையில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம். அண்ணனை வீட்டுக்கே கூட்டிப் போகிறோம் என்று அண்ணி கேட்டுப் பார்த்தார். வழியில் ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் என்று அதற்கும் மறுத்துவிட்டார்கள்.

"அப்ப எனக்கும் அந்த பேட்ஜ் வாங்கிக் குடு" என்றார் அண்ணி. அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது நோஞ்சானார் அரைக்கால் சட்டை போட்ட பையன். அதனால் எப்போதும் ஒருமைதான்.

அண்ணி பயிற்சிக்கு வந்தார். சாகக் கிடந்தவர் சொந்தக் கொழுந்தன். கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர். அண்ணி நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வாக்கியத்தைச் சொல்லுங்கம்மா" என்றார் பயிற்சியாளர் அம்மாள்.

"நான் உங்களோட... இவன்கிட்ட என்னத்தச் சொல்ல? இவன் நல்லாத்தானே இருக்கான்!"

"கற்பனை பண்ணிக்குங்க. அவர் சாகப் போறாரு."

அண்ணி ஈரப் பஞ்சைக் கையில் எடுத்தார். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் தளும்ப நின்றது. அதைப் பார்த்தார். நோஞ்சானாரின் உதட்டைப் பார்த்தார். அது காலையிலிருந்து பலர் ஒற்றி ஒற்றி ஊறிப்போயிருந்தது.

"தம்பி" என்றார் மெதுவாக. "உன் அண்ணன் கீழ வாய் காஞ்சு கிடக்காரு. ஒரு சொட்டுத் தண்ணி வைக்க எனக்கு உரிமை இல்லையாம். நீ இங்க படுத்துட்டு ஊரு உலகத்துப் பஞ்செல்லாம் சப்பிட்டு இருக்கியா?"

நோஞ்சானாருக்குக் கடைசி மூச்சு விடவேண்டிய நேரம். மூச்சே வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அண்ணி தாங்கமாட்டாமல் அழுதுவிட்டார். மணி அடித்தது.

"அழுகை வாக்கியங்களுக்கு முன்னாடியே வந்துருச்சு. ஃபெயில்" என்றார் பயிற்சியாளர் அம்மாள். "அப்புறம் நோஞ்சானார், இன்னிக்கு நீங்க சரியாச் சாகல. உடம்பு சரியில்லையா?"

அன்று சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிப்போனது. அண்ணி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நான்தானே கூட்டிவந்தேன், நான்தானே தம்பட்டம் அடித்தேன் என்று நோஞ்சானார் தன்னைத் தானே நொந்துகொண்டார். ஆயுள் முழுக்க இல்லாத நோய்க்கு ஊராரிடம் இரக்கம் வாங்கிய முகம் இது. அண்ணனுக்குப் போகவேண்டியதையும் சேர்த்து வாங்கிவிட்டது. அதை நினைக்க நினைக்க அவருக்கே தன் முகத்தில் ஒரு அறை விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. வாழ்நாளில் அவருக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான் என்று பின்னாளில் அண்ணி சொல்வார்.

"அண்ணி, மேல நான் சாகறப்போ, பக்கத்துல உறவுக்காரங்களா நடிக்கவும் ஆள் வைப்பாங்க. அவங்க கையைப் புடிக்கலாம், அழலாம், என்ன வேணும்னாலும் பண்ணலாம். நடிப்புத்தானே, பேட்ஜ் வேண்டாம்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு?"

"நாளைக்குக் கனிவு விருது குடுக்க வெளியிலேர்ந்து நடுவர் வர்றாரு. நான் சாகல. அண்ணன் சாகட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அண்ணி திடுக்கிடவில்லை. ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் பெரிய சிஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் அண்ணனுக்கு வலி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே காது கொடுத்தார்.

"கட்டில் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார். "இத்தனை பேரை ஒருத்தியா பாக்கறேன். எனக்கு எதுதான் தெரியும்?" பிறகு அண்ணனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, "போங்க போங்க, லிஃப்ட் காலியா இருக்கு" என்று விரட்டினார்.

பயிற்சி நோயாளி போடும் நீலச் சட்டையை அண்ணனுக்குப் போட்டுவிட்டார்கள். நோஞ்சானாரின் அளவு. பொத்தான் எதுவும் எட்டவில்லை.

"என்னடா இது, பொம்மைச் சட்டையா?" என்றார் அண்ணன். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

"பேசாம வா அண்ணே. இன்னிக்கு எனக்குப் பதிலா நீ."

"நீ நடிக்கறதுக்கு நான் நிஜமாவே சாகணுமா? சோம்பேறிப் பயலே" என்றார் அண்ணன். ஆனால் தம்பி கட்டிலைத் தள்ளத் தள்ள, கூரை விளக்குகளைச் சின்னப் பையன் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்.

மேலே இயக்குநர் வழிமறித்தார். "யாரு இது?"

"மாற்று ஆள் சார். எனக்குச் சளி. தும்மல் வந்தா சாவு கெட்டுப்போயிரும். நான் தம்பியா நடிக்கறேன், இவங்க மனைவியா நடிப்பாங்க."

இயக்குநர் அண்ணனை மேலும் கீழும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆளு பூசினாப்ல இருக்காரே. சாகற களையே இல்லையே. நடுவர் நம்புவாரா?"

"சமாளிச்சிருவாரு சார்."

கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலிகள் நிறைந்தன. நடுவில் நடுவர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஆஸ்பத்திரியிலேயே கனிவில் முதலாவதாகத் தேறிய நர்சு உள்ளே வந்தார். நாற்காலி சத்தமில்லாமல் நகர்ந்தது. கையைப் பிடித்தார். மறு கை ஏற்கெனவே அண்ணியிடம் இருந்தது.

"நான் உங்களோடு இருக்கிறேன். உங்களுக்கு வலிக்கிறதா?"

"ஆமாம்மா" என்றார் அண்ணன். "காலு. கொஞ்சம் தூக்கி வைம்மா."

நர்சு விக்கித்துப்போனார். அந்தக் கேள்விக்கு அதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு சைகையும் வரவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, தலையணை ஒன்றை எடுத்து, வீங்கிய காலை இரண்டு கையாலும் ஏந்தி, அதன் மேல் வைத்தார்.

"ஆங்... அப்படித்தான். மகராசியா இரு" என்றார் அண்ணன்.

அண்ணி ஈரப் பஞ்சை எடுத்து உதட்டில் வைத்தார். அண்ணன் அதைக் குழந்தை மாதிரி சப்பினார். இன்னும் என்று கண்ணால் கேட்டார். அண்ணி வைத்துக்கொண்டே இருந்தார். நோஞ்சானார் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் அவர் உதட்டில் பட்டதெல்லாம் வெறும் தண்ணீர். தாகத்துக்கு அது என்ன செய்யும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"நோஞ்சான்" என்றார் அண்ணன்.

"சொல்லு அண்ணே."

"உன்னவிட நான் நல்லாப் பண்றேனா?"

"நீதான் அண்ணே பெஸ்ட்டு. நானெல்லாம் உன் கால் தூசிக்கு ஆகமாட்டேன்."

அண்ணனுக்கு அதில் திருப்தி. அண்ணியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவியின் பேரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார், அண்ணி தலையாட்டினார். அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

பிறகு மூச்சில் இடைவெளி விழத் தொடங்கியது. ஒரு மூச்சு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. நோஞ்சானார் தன்னை அறியாமலேயே தன் மூச்சையும் பிடித்துக்கொண்டார், அதுதானே பழக்கம். இன்னொரு இழு வரும் என்று காத்திருந்தார். அவர் அடக்கிய மூச்சு முட்டி, நெஞ்சு எரிந்து, வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. அண்ணனுடையது வரவில்லை.

மணி அடித்தது. நர்சு பழக்கத்தில் கையை விட்டார். அண்ணி விடவில்லை.

கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள். நடுவர் தொண்டையைக் கனைத்தார். "நர்சம்மா பிரமாதம், அந்தக் காலைத் தூக்கி வச்ச இடம் புதுசு. ஆனா நோயாளி சுமார்தான். ஒரு முக்கல் முனகல் இல்லை. இப்படியா சாவாங்க? தம்பியா நடிச்சவர் அருமை. அந்தத் திகைப்பு இருக்கே, நிஜம் மாதிரியே இருந்துச்சு."

இயக்குநருக்குப் பூரிப்பு. மஞ்சள் பேட்ஜ் ஒன்றை எடுத்து அண்ணியின் தோளில் தானே குத்தினார். "வாழ்த்துகள்மா. இந்தத் தடவை நீங்க பாஸ். அழுகை சரியான இடத்துல வந்துச்சு. இனி நீங்க எப்ப வேணும்னாலும் வார்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரர் கையைத் தாராளமாப் புடிச்சுக்கலாம்."

அண்ணி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சார்" என்றார் நோஞ்சானார். "அண்ணன் இறந்துட்டாரு சார்."

"பாத்தேன், பாத்தேன். முதல் தடவைக்கு இது போதும். நாளைக்கு நீங்களே வந்துருங்க, நீங்க செத்தாத்தான் நம்பற மாதிரி இருக்கு."

நர்சுதான் முதலில் புரிந்துகொண்டார். விட்ட கையை மறுபடி எடுத்து நாடி பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், "சார்!" என்று அலறினார். எல்லாருக்கும் முன்னால் சுதாரித்துக்கொண்டவர் இயக்குநர்தான். எவ்வளவு பெரிய அதிர்ச்சியிலும் ஆஸ்பத்திரியை மறக்காதவர். நடுவரின் காதருகே குனிந்தார்.

"சார், நிஜமாவே இறந்திருக்காரு. அப்படின்னா அந்த நோயாளி மார்க்கைக் கொஞ்சம் கூட்டிப் போடலாமே?"

நடுவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர். "விதியில இடம் இல்லீங்க. நிஜத்துக்கு மார்க் கிடையாது."

பயிற்சியாளர் அம்மாளுக்கு வாசலில் அடுத்த குழு காத்திருக்கிற கவலை. கை தன்பாட்டுக்கு மணியைத் தட்டியது. "நோஞ்சானார், வந்து படுங்க, நேரமாச்சு" என்றார்.

நோஞ்சானார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கிண்ணத்திலிருந்த பஞ்சைப் பிழிந்து அண்ணனின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். பேட்ஜ் இல்லாத தன் கையால், நர்சு விட்டுப்போன அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"இடம் இல்லம்மா" என்றார். "என் அண்ணன் படுத்திருக்காரு."